கடல் கடந்த கைம்மாறு

பசித்தோர்க்குச் சோறிடுவது அறம் என்பதில் நம் மரபில் இரண்டாம் கருத்து இல்லை. மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்து மகிழ்ந்தது நம் மொழி. வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆயினும், சோறு இடப்பட்டதா என்று கேட்கும் வரலாறு, அது எவ்வாறு இடப்பட்டது, பெற்றவர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று கேட்பது அரிது. அவ்விரு வினாக்களையும் மனத்திற்கொண்டு, அயர்லாந்து மக்களுக்கும் அமெரிக்கத் தொல்குடியினர்க்கும் இடையே, 173 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு கொடைகளை ஈண்டு நோக்குவோம்.

விலை கேட்ட கஞ்சி

1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குச் செடிகளை ஒரு நோய் தாக்கியது. மறு ஆண்டு விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. குத்தகை நிலத்தில் விளைந்த தானியத்தை விற்று வாரம் கட்டிவிட்டு, கிழங்கை மட்டுமே உண்டு வாழ்ந்த ஏழை உழவர்க்கு வேறு உணவில்லை. அதே காலத்தில் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. பஞ்சம் தணியுமுன் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டை விட்டே வெளியேறினர்.

நாம் கஞ்சித்தொட்டி என்று வழங்கும் ஏற்பாடு அங்கும் தோன்றியது. குவேக்கர் சமயத்தார் 1846ஆம் ஆண்டின் இறுதியிலேயே அதனைத் தொடங்கிவிட்டனர். அரசு 1847ஆம் ஆண்டில்தான் சட்டம் இயற்றியது. அவ்வாண்டு சூலையில் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேர் அரசுக் கஞ்சியால் உயிர் தரித்தனர். இச்சாதனையை மறுப்பதற்கில்லை. ஆயினும் டப்ளின் நகரில் ஏப்பிரல் மாதம் திறக்கப்பட்ட முன்மாதிரிக் கஞ்சிச்சாலையின் அமைப்பைக் கேளுங்கள். மணி அடித்ததும் ஒரு கூட்டம் உள்ளே செல்லும். உண்டு முடித்து வெளியேறியதும் அடுத்த மணி அடிக்கும். கிண்ணத்தோடு கரண்டி சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. செல்வரும் சீமாட்டிகளும் அதனைப் பார்வையிட வந்தனர். உணவு இருந்தது, உண்பவரை நம்பும் மனம் இல்லை.

இதனினும் கொடியது அவ்வாண்டு சூன் மாதச் சட்டத்தில் இடம்பெற்ற ஒரு பிரிவு. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் அரசின் உதவி பெற வேண்டுமாயின், அந்நிலத்தைக் கைவிட்டாக வேண்டும் என்றது அது. இன்று உண்ண வேண்டுமானால் நாளைய விளைநிலத்தை இழக்க வேண்டும். நிலத்தை விடாமல் பட்டினி கிடந்து மடிந்தோர் பலர். விட்டுவிட்டு நாடோடியானோர் அதனினும் பலர்.

170 டாலர்

இந்தக் கறுப்பு ஆண்டிலேதான், 1847 மார்ச்சு 23ஆம் நாள், அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் இன்றைய ஒக்லகோமா மாநிலத்தில் உள்ள ஸ்கல்லிவில் என்னும் சிற்றூரில் ஒரு கூட்டம் கூடியது. காசு எனப் பொருள்படும் சாக்டா மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது அவ்வூர்ப் பெயர். அரசு தரவேண்டிய ஆண்டுத்தொகையைச் சாக்டா மக்கள் பெற்றுக்கொள்ளும் இடம் அது. முன்பின் கண்டறியாத அயர்லாந்து மக்களின் பசியைப் பற்றி அங்கே பேசினர். கூட்டம் கலையுமுன் 170 டாலர் சேர்ந்தது.

கொடுத்தவர் யார் என்று அறிந்தாலன்றி இத்தொகையின் பெருமை விளங்காது. சாக்டா மக்களின் தாயகம் மிசிசிப்பி ஆற்றின் கிழக்குப் பகுதி. 1830ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கையால் அந்நிலம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. 1831ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் தொடங்கிய வெளியேற்றத்தில் நோயும் பசியும் பனியும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. கண்ணீர்த் தடம் என வரலாறு குறிக்கும் கொடுமையின் தொடக்கம் அதுவே. பிரெஞ்சு அறிஞர் தொக்வில் அவ்வாண்டு மெம்பிஸ் நகரில், நோயாளரும் முதியோரும் கைக்குழந்தைகளுமாகச் சாக்டா மக்கள் ஆற்றைக் கடக்கும் காட்சியைக் கண்டார். அழுகுரலும் எழாத அந்த அமைதியைத் தம் நூலில் பதிவு செய்தார். அப்பயணம் தொடங்கிப் பதினாறு ஆண்டுகளே கழிந்திருந்தன. புதைத்த பிள்ளைகளின் நினைவு ஆறாத கைகள்தாம் அந்த 170 டாலரை எடுத்து வைத்தன. அவர்கள் எவரிடமும் நிலத்தைக் கேட்கவில்லை. ஏழ்மைக்குச் சான்றும் கேட்கவில்லை.

பிழையும் பயன் தந்தது

பிற்காலத்து நூல்கள் சிலவற்றில் எண்கள் இடம் மாறி, 170 என்பது 710 ஆயிற்று. அப்பிழையும் வீணாகவில்லை. 1992ஆம் ஆண்டு அயர்லாந்திலிருந்து சென்ற ஒரு குழுவினர் கண்ணீர்த் தடத்தின் வழியே நடந்தனர். டாலர் ஒன்றுக்கு ஆயிரம் டாலர் எனக் கணக்கிட்டு, 7,10,000 டாலரை இலக்காகக் கொண்டு, அப்போது பஞ்சத்தில் வாடிய சோமாலியாவுக்காக நிதி திரட்டினர். கொடை பெற்ற கை, கொடுத்த கைக்கே அதனைத் திருப்பித் தரவில்லை. மூன்றாவது கையை நோக்கி நீட்டியது. பின்னர் 2017ஆம் ஆண்டு, கார்க் மாவட்டத்து மிடில்டன் நகரில் இக்கொடையின் நினைவுச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. துருப்பிடியா எஃகினால் ஆன ஒன்பது பேரிறகுகள் வட்டமாக நின்று, வெறுமையான உணவுக் கிண்ணம் ஒன்றின் வடிவைக் காட்டுகின்றன. சாக்டா மக்களின் தலைவர் அவ்விழாவிற்கு நேரில் வந்திருந்தார்.

வாயிலில் வைத்த பொதி

2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்று வந்தது. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் பரந்து கிடக்கிறது நவாஹோ நாடு. பரப்பில் தமிழ்நாட்டின் பாதிக்கும் மேல். அவ்வளவு பெரிய நிலத்தில் மளிகைக் கடைகள் பதின்மூன்றே இருந்தன. மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாய்நீர் இல்லை. கை கழுவுங்கள் என்ற அறிவுரை அங்கே கேலியாயிற்று. மே மாதத்தில் மக்கள்தொகை விகிதப்படி நியூயார்க் மாநிலத்தையும் விஞ்சி நின்றது அங்கு நோய்த்தொற்று.

அரசு தந்த உணவைப் பற்றி நவாஹோ மக்களுக்குக் கசப்பான நினைவு ஒன்று உண்டு. 1864ஆம் ஆண்டு படைவீரர் அவர்களை நெடுந்தொலைவு நடத்திச் சென்று, 1868 வரை ஒரு பாலைவெளி முகாமில் சிறைவைத்தனர். பழக்கமில்லாத கோதுமை மாவே அங்குப் பங்கீடாகக் கிடைத்தது. அந்த மாவைக் கொழுப்பில் பொரித்து உண்ணப் பழகியதே இன்றைய அவர்தம் பொரித்த ரொட்டி என்பர். அடிமைநாளின் சுவை அது.

இம்முறை அவர்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. நவாஹோ நாட்டின் தலைமை வழக்கறிஞராக முன்னர்ப் பணியாற்றிய எத்தல் பிராஞ்ச் என்னும் பெண்மணி, மார்ச்சு மாதத்திலேயே ஒரு நிவாரண நிதியைத் தொடங்கினார். அதன் பெயரில் நவாஹோ, ஹோப்பி என்னும் இரு குடிகளும் இடம்பெற்றன. நிலத்துக்காகப் பல்லாண்டு வழக்காடிய அண்டை மக்கள் அவர்கள்; பசியின் முன் அவ்வழக்கு ஒதுங்கி நின்றது. முதியோர், நோயுற்றோர், தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாயர் ஆகியோரின் குடும்பங்களுக்கு இரண்டு வாரத்திற்கான உணவுப் பொருள்களும் குடிநீரும் பொதிகளாகச் சென்றன. ஈழத்தமிழர் உலருணவுப் பொதி என்று வழங்குவது இதனையே. தொட்டியை நோக்கிப் பசித்தவர் நடந்து வரவேண்டும்; பொதியோ பசித்தவரின் அடுப்பை நோக்கி நடந்து செல்கிறது. சமைக்கும் உரிமையும் பரிமாறும் பெருமையும் அவ்வீட்டுத் தாயிடமே நிற்கின்றன.

அந்நிதிக்குத் திடீரென அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோரின் கொடை வந்து குவிந்தது. தம் முன்னோர்க்குச் சாக்டா மக்கள் 1847இல் செய்த உதவியை நினைந்து தருகிறோம் என்று பலரும் எழுதினர். கடன் பட்டது சாக்டா மக்களிடம். அடைத்தது நவாஹோ, ஹோப்பி மக்களிடம். கணக்கர் இதனைப் பிழை என்பார். உறவைக் குறிக்கக் 'கே' என்ற ஓரசைச் சொல்லை வைத்துக்கொண்டு, அதனையே வாழ்வின் அறமாகக் கருதும் நவாஹோ மக்களுக்கு அதில் வியப்பேதும் இருந்திராது.

வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு மேற்கண்ட வரலாறு சான்று. சங்கிலியிட்ட கரண்டி முப்பது இலட்சம் வயிறுகளை நிரப்பியது. ஒரு சிற்றூர் கொடுத்த 170 டாலர் எத்தனை வயிறுகளை நிரப்பியிருக்கும்? மிகச் சிலவே. அதற்கோ ஒன்பது இறகுகள் நிற்கின்றன. பசித்தவன் உணவை மறந்துவிடலாம். தன்னை மனிதனாக மதித்துக் கொடுத்தவனை மறப்பதில்லை. அவன் மறந்தாலும் அவன் பேரர் மறப்பதில்லை. சொல்லைச் சேமித்துத் தலைமுறைகளுக்குக் கையளிக்கும் கவிஞர்கள், இத்தகைய நினைவையும் காத்துத் தருதல் கடனாம்.