மாதோட்டத் துறையும் மதுக்கலமும்

கலம் என்னும் தமிழ்ச்சொல் கடலிற் செல்லும் மரக்கலத்தையும் கையில் ஏந்தும் உண்கலத்தையும் ஒருங்கே குறிப்பதாகும். பண்டைக் கடல்வாணிகத்தை ஆராய்வார்க்கு இவ்விரண்டும் வேண்டுவனவே. மரக்கலம் எதனைக் கொணர்ந்தது என்பது பெரிதும் பேசப்படுகின்றது. கொணர்ந்த பொருளை மாந்தர் எத்தகைய பாத்திரத்திற் பெய்து துய்த்தனர், அதன் வடிவு மணத்தையும் சுவையையும் எவ்வாறு ஆண்டது என்பன அத்துணைப் பேசப்படுவதில்லை. மதுவின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நானாட்டானுக்கு வடக்கே சில கல் தொலைவில், திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து கிடக்கும் மேட்டுநிலமே பழைய மாதோட்டத் துறையாகும். மேற்குக் கடலிலிருந்து வந்த மரக்கலங்களும் கீழ்த்திசையிலிருந்து வந்தனவும் சந்தித்த இடம் அது. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு அகழ்வு நடைபெற்றது. பிற்கால அகழ்வில் அங்கெடுத்த மண்ணிலிருந்து பிரித்த தாவர எச்சங்களுள் மிளகும் கிராம்பும் மட்டுமன்றிக் கி.பி. 650க்கும் 800க்கும் இடைப்பட்டனவாகக் கணிக்கப்பட்ட திராட்சை விதைகளும் காணப்பட்டன. திராட்சை இக்கரையில் விளைந்ததன்று. கடல் கடந்தே வந்திருத்தல் வேண்டும். ஆயினும் விதை கிடைத்தமை கொண்டு மது வந்தது எனத் துணிதல் பொருந்தாது. உலர்ந்த பழமாகவும் அது வந்திருக்கலாம்.

மது வந்தமைக்கு உறுதியான சான்று தமிழகத்தில் உண்டு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய எரித்திரேயக் கடற் பயணநூல், முசிறிப் பகுதித் துறைகளில் இறங்கிய பொருள்களுள் பண்படுத்தாத கண்ணாடியையும் சிறிதளவு மதுவையும் சேர்த்துக் கூறுகின்றது. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழ்வில் அம்போரா என்னும் இருகைச் சாடியின் ஓடுகள் வெளிப்பட்டன. ஒடுங்கிய கழுத்தும் நீண்ட உடலும் உடையது அச்சாடி. காற்றுப் புகின் மது புளித்துக் காடியாகும். ஆதலின் வாய் சிறுத்து, அடைப்பும் இடப்பட்டது. ஒழுகாதிருத்தற்பொருட்டு உள்ளே பூசிய பிசினின் மணமும் மதுவிற் கலந்தது. ஆகவே, குடிப்போன் கைக்கு வருமுன்னரே கலம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் தந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்கப் பாண்டியன் நன்மாறன் அருந்துமாறு நக்கீரர் வாழ்த்துகின்றார். அத்தேறலுக்கு அவர் தந்த அடைகள் குளிர்ச்சியும் நறுமணமுமாம். அதே காலத்து உரோமர் நாட்டில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. சிரியாக் கரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் கண்ணாடியை ஊதி உருவாக்கும் தொழில் தோன்றவே, கிண்ணங்கள் மலிந்தன. குடிகலமாகப் பொன்னையும் வெள்ளியையும் கண்ணாடி விலக்கிவிட்டது எனப் பிளினி எழுதினார். பாண்டியன் அவையிலோ பொன்னே நின்றது. மதுவும் கண்ணாடியும் தமிழகத் துறைகளுக்கு ஒருங்கே வந்தும், கண்ணாடி பெரிதும் மணியாக மாறிக் கழுத்தை அணிசெய்தது.

கலத்தின் வடிவு மதுவை எவ்வாறு பாதிக்கின்றது? ஒசுத்திரிய நாட்டுக் கிளவுஸ் றீடல் 1973இல் ஒவ்வொரு மதுவகைக்கும் ஒவ்வொரு கிண்ணம் என ஒரு வரிசையை வெளியிட்டார். கிண்ணத்தின் விளிம்பு மதுவை நாவின் உரிய இடத்திற் சேர்க்கும் என்பது அக்காலத்தோர் தந்த விளக்கங்களுள் ஒன்று. நாவின் நுனி இனிப்பையும் அடி கைப்பையும் தனித்தனி உணரும் என்னும் கொள்கை அதற்கு அடிப்படையாயிற்று. 1901இல் ஹேனிக் என்னும் செருமானியர் கண்ட சிறு வேறுபாட்டைப் பின்னோர் பெருக்கியதால் எழுந்த கொள்கை அது; 1974இல் வேர்ஜினியா கொலிங்ஸின் ஆய்வு அதனைத் தளர்த்தியது.

உண்மை மூக்கின் வழியிலேயே உள்ளது. யப்பானிய அறிஞர் மிற்சுபயாசியும் துணைவரும் 2015இல் மதுசார ஆவியைப் படம்பிடித்துக் காட்டினர். வயிறு அகன்று வாய் குவிந்த கிண்ணத்தில் 13 பாகை வெப்பநிலையில் மதுவை வைத்தபோது, ஆவி விளிம்பைச் சுற்றி வளையமாக நின்றது. நடுவே அது குறைந்தது. மதுசாரத்தின் காரம் தடுக்காமையால் ஆங்கு நறுமணம் மூக்கிற் புலனாகும். நேரான குவளையிலும், மேல்நோக்கி விரிந்த கிண்ணத்திலும், மது வெப்பமுற்றபோதும் அவ்வளையம் தோன்றவில்லை.

நக்கீரர் குளிர்ச்சியையும் மணத்தையும் இணைத்தமை இவ்வாய்வோடு ஒத்துப்போகின்றது. எனினும் இவ்விஞ்ஞானத்தை முன்னோர் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் வரலாற்று முறையன்று. அவர் கண்டது நுகர்ந்தறிந்த அனுபவம். ஆய்வாளர் கண்டது அதன் காரணம். மேலும், பொற்கலத்தின் வாய் அகன்றதோ குவிந்ததோ என்று பாடல் கூறவில்லை. பனையோலைப் பிளாவிற் கள்ளருந்திய எளியோரைப் பொறுத்தவரை கலமும் எஞ்சவில்லை, ஓலை மண்ணாயிற்று.

எஞ்சுவன மட்கல ஓடுகளே. அவற்றுள்ளும் விளிம்போடு ஒன்று கிடைப்பின், அதன் வளைவை அளந்து முழுக்கலத்தின் வாயகலத்தைக் கணிக்கலாம். அருவியாற்றங்கரையிலும் மாதோட்ட மேட்டிலும் மழைக்குப்பின் தோன்றும் ஓட்டுத்துண்டைப் பயனற்றதென எறிவோர், முன்னோர் எவ்வாறு உண்டனர், எதனை நுகர்ந்தனர் என்பதற்குரிய சான்றையே எறிகின்றனர். ஓட்டைக் கிடந்த இடத்திலேயே விட்டு, அறிந்தோர்க்கு உணர்த்துதல் இந்நிலத்து மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.