முன்னால் மிச்சம், பின்னால் கடன்: ஹுலு பேராக் சுரங்க அனுமதிகளும் தாமதம் பற்றிய புகாரும்

பூச்சோங்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இன்று ஏரி என்று பெயர் பெற்றிருப்பவற்றுள் பல, ஈயம் தோண்டிய குட்டைகள். கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தின்மேல் பண்டார் சன்வே எழுந்தது. ஸ்ரீ கெம்பாங்கானின் 'மைன்ஸ்' உல்லாச நகரம் ஹோங் ஃபாட் சுரங்கம் விட்டுச்சென்ற பெரும்பள்ளத்தைச் சுற்றி அமைந்தது. டிங்கிலின் பாயா இண்டா ஈரநிலத்தின் கதையும் இதுதான். இந்தச் சுரங்கங்கள் தோண்டப்பட்டபோது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை யாரும் கேட்கவில்லை. கேட்கச் சட்டமும் இல்லை. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் 34ஏ பிரிவு 1985 திருத்தத்தில் சேர்ந்தது. எந்தெந்தத் தொழில்களுக்கு அது பொருந்தும் என்று சொன்ன ஆணை 1988 ஏப்ரல் 1 முதல்தான் நடப்புக்கு வந்தது. அதற்குள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஈயத்தின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

தோண்டும் வேலை வடக்கே போய்விட்டாலும் தொடர்பு அறுந்துவிடவில்லை. போர்ட் கிள்ளான் அருகே புலாவ் இண்டாவில் ஈயம் உருக்கும் மலேசியா ஸ்மெல்டிங் கார்ப்பரேஷனுக்கு, தாய்லாந்து எல்லையை ஒட்டிய ஹுலு பேராக் மாவட்டத்தின் கிளியான் இந்தானில் ரஹ்மான் ஹைட்ராலிக் டின் என்ற சுரங்கம் இருக்கிறது. அதே மாவட்டத்தில், லெங்கோங்குக்கும் கேரிக்குக்கும் இடையே உள்ள கெனெரிங்கில், அரிய மண் தாதுக்களை எடுக்கும் முன்னோடித் திட்டமும் நடந்துவருகிறது. இத்தகைய திட்டங்களைச் சுற்றித்தான் பழைய புகார் மீண்டும் எழுகிறது: அனுமதி கிடைப்பதற்குள் உலகச் சந்தை கைநழுவிப் போய்விடுகிறது, இதற்குச் சுற்றுச்சூழல் விதிகளே காரணம் என்று.

புகாரின் முதல் பாதி பொய்யல்ல. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் சுரங்கக் குத்தகையும் மாநிலத்தின் கையில் உள்ளன. கனிம வள மேம்பாட்டுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கூட்டரசிடம் இருக்கிறது. ஆகவே ஒரே மலைச்சரிவுக்கு மாநிலக் கனிமச் சட்டப்படி ஆய்வு உரிமமும் குத்தகையும், 1994ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டப்படி சுரங்க இயக்கத் திட்டத்துக்கான ஒப்புதலும், வனக் காப்பகம் என்றால் வன இலாகாவின் சம்மதமும், இவற்றோடு சுற்றுச்சூழல் இலாகாவின் மதிப்பீட்டு ஒப்புதலும் வேண்டும். ஒரு மேசையில் முடிந்த கேள்வி அடுத்த மேசையில் முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. இது நிர்வாகக் குறை. ஆனால் இதைச் சுற்றுச்சூழல் விதிகளின் தலையில் கட்டுவதற்கு ஆதாரம் போதாது.

நம் நாட்டுச் சான்றுகள் எதிர்த்திசையில் கைகாட்டுகின்றன. அனுமதிக்கு முன்னால் மிச்சப்படுத்திய காலம் எங்கும் மிச்சமாகவில்லை. அது பின்னால் வழக்காகவும் தடையாகவும் துப்புரவுச் செலவாகவும் திரும்பி வந்தது.

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவை எடுத்துக்கொள்வோம். அங்கே நடந்தது சுரங்க வேலை அல்ல, தாதுப் பதப்படுத்தல். ஆனால் அதன் மூலப்பொருள் ஈய மணலின் மிச்சமான அமாங்கிலிருந்து பிரித்த மோனசைட். மிட்சுபிஷி கெமிக்கல் பங்கேற்ற ஏஷியன் ரேர் எர்த் நிறுவனம் 1982இல் உற்பத்தியைத் தொடங்கியது. தாக்க மதிப்பீடு கட்டாயம் ஆவதற்கு அப்போது இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. எனவே தொடக்கம் விரைவாகவே இருந்தது. தோரியம் கலந்த கழிவை எங்கே வைப்பது என்ற கேள்விக்குத் தொழிற்சாலை எழுந்த பிறகே விடை தேடினார்கள். பாப்பான் மக்கள் தங்கள் ஊரில் வைக்க விடவில்லை. 1985இல் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். அந்த ஆண்டே இடைக்காலத் தடை பிறந்தது. 1987இல் ஆலை மறுபடி இயங்கியது. 1992இல் உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சட்டத்தின் கண்ணில் வென்ற நிறுவனம் அடுத்த ஆண்டே ஆலையை மூடியது. கழிவைக் குன்றில் புதைத்து இடத்தைத் துப்புரவு செய்யும் பணி 2010க்குப் பிறகும் தொடர்ந்தது. உற்பத்தி நடந்த காலத்தைவிடச் சுத்தம் செய்த காலம் நீண்டது. விரைவாகக் கொடுத்த அனுமதி என்று இதைச் சொல்வதானால், எதை விரைவு என்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குவாந்தான் பாக்சைட்டில் சட்டம் இருந்தது. அதில் ஓட்டையும் இருந்தது. 1987ஆம் ஆண்டு ஆணை 250 ஹெக்டருக்கு மேற்பட்ட சுரங்கக் குத்தகைக்கே மதிப்பீட்டைக் கேட்டது. 2014 ஜனவரியில் இந்தோனேசியா கச்சாத் தாது ஏற்றுமதியை நிறுத்தியதும் சீனாவின் பார்வை பகாங் மீது விழுந்தது. புக்கிட் கோவின் ஃபெல்டா குடியேற்றக்காரர்கள் உட்படப் பலரும் தங்கள் செம்பனை நிலத்தைத் தோண்டக் கொடுத்தார்கள். துண்டு துண்டான நிலம் எதுவும் 250 ஹெக்டரை எட்டவில்லை. துண்டுகளைக் கூட்டிப் பார்க்கும் கடமை யாருக்கும் வாய்க்கவில்லை. 2015இல் சீனாவுக்குப் போனது 2 கோடி டன்னுக்கும் மேல். சாலையில் செந்தூசி, ஆற்றில் செஞ்சேறு, மழைக்குப் பின் கடலிலும் சிவப்பு. 2016 ஜனவரி 15 முதல் மூன்று மாதத்துக்கென்று அறிவித்த தற்காலிகத் தடை, நீட்டி நீட்டி 2019 மார்ச் வரை சென்றது. முறையாகத் தொழில் செய்ய விரும்பியவர்களும் அதே தடைக்குள் அகப்பட்டார்கள். ஓராண்டு மதிப்பீட்டைத் தவிர்த்ததற்கு மொத்தத் தொழிலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் விலை கொடுத்தது.

மூன்றாவது சான்று பூச்சோங்கிலிருந்து தொலைவில்லை. டிங்கிலை ஒட்டிய புக்கிட் தம்போயில் தெமுவான் பூர்வகுடி மக்களின் நிலம் 1990களின் நடுவில் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. அரசிதழில் பதிவாகாத நிலத்துக்கு உரிமை இல்லை என்ற எண்ணத்தில் மரம், வீடு இவற்றுக்கு மட்டும் இழப்பீடு தரப்பட்டது. சாகோங் தாசி வழக்கில் 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பரம்பரை நில உரிமையை ஏற்றன. 2010இல்தான் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. தெமியார், ஜஹாய் மக்கள் வாழும் ஹுலு பேராக்கில் சுரங்கக் குத்தகை தருபவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. அந்த மக்களை இறுதியில் கேட்பது காலத்தை மிச்சப்படுத்தும் வழி அல்ல. வழக்கை வரவழைக்கும் வழி.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையோடு எடைபோட வேண்டும். காத்திருப்பு எல்லாமே அறிவு தேடும் காத்திருப்பு அல்ல. கோப்பு சும்மா தூங்குவதும் உண்டு. அதற்கு மன்னிப்பு கிடையாது. ஆனால் அரிய மண் விஷயத்தில் தவிர்க்கவே முடியாத காத்திருப்பும் ஒன்று இருக்கிறது. மலையை வெட்டாமல், துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்தி, களிமண்ணில் ஒட்டிய தாதுவைக் கழுவி எடுக்கும் முறையில் மேலே காடு நிற்பதால் சேதம் குறைவு என்று தோன்றும். கரைசல் எந்த வழியாக நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதே உண்மையான கேள்வி. தென்சீனத்தின் கான்சோ வட்டாரம் இதில் கண்ட பாதிப்பு உலகறிந்தது. அடைமழைக் காலம் ஒன்றையும் வறண்ட காலம் ஒன்றையுமாவது அளக்காமல் இதற்கு விடை சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. இயற்கையின் பருவத்தை அமைச்சரவை முடிவால் சுருக்க இயலாது.

வெளியுலகமும் வேகத்துக்கு ஆசைப்படுகிறது. சுவீடனின் வடகோடியில் கிருனா அருகே பெரும் அரிய மண் படிவம் இருப்பதை 2023 ஜனவரியில் அறிவித்த அரசு நிறுவனமே, சுரங்கம் இயங்கப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம் என்றது. கனடாவின் ஒன்டாரியோ மாநில வடபகுதியில் 2007 வாக்கில் கண்டறியப்பட்ட 'ரிங் ஆஃப் ஃபயர்' படிவங்களில் இன்னும் சுரங்கம் எழவில்லை. அங்கே எல்லாப் பருவத்துக்கும் உதவும் சாலையே இல்லை என்பது காகித வேலையைவிடப் பெரிய தடை. பூர்வகுடிகளின் சம்மதமும் முழுமையாகக் கிட்டவில்லை. 2025 ஜூனில் மாநில அரசு விதிகளைத் தளர்த்தும் சட்டம் கொண்டுவந்ததும் எதிர்ப்பு வலுத்ததே தவிர, சாலை நீளவில்லை.

நம் முறையின் கோளாறு காலத்தின் அளவில் இல்லை, வரிசையில் இருக்கிறது. மாநிலம் முதலில் கொள்கையளவில் நிலத்தைத் தந்துவிடுகிறது; நிறுவனம் பணம் போடுகிறது; பிறகு அதே நிறுவனம் கூலி கொடுத்து அமர்த்தும் ஆலோசகர் தாக்கத்தை மதிப்பிடுகிறார். முதலீடு உள்ளே வந்த பின் 'வேண்டாம்' என்ற விடைக்கு இடமேது? கூட்டரசு இலாகாவுக்கு எஞ்சுவது நிபந்தனைகளை அடுக்குவதும், குறையுள்ள அறிக்கையைத் திருப்பி அனுப்புவதும்தான். அந்தத் திருப்பி அனுப்புதலையே தாமதம் என்கிறோம்.

வரிசையை மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. கனிம வளம் உள்ள ஆற்றுப்படுகைகளில் நீர், மண், நிலத்தடி நீரோட்டம் பற்றிய அடிப்படை அளவீடுகளைக் கனிம புவி அறிவியல் இலாகாவும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவும் பொதுச் செலவில் முன்கூட்டியே எடுக்கலாம். குத்தகைக் கட்டணத்தில் அதை வசூலித்துக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்துக் குத்தகைகளை ஒரே படுகையாகக் கூட்டி மதிப்பிடலாம். கோப்பு முழுமையான நாளிலிருந்து இலாகாக்களுக்குக் கெடு விதிக்கலாம். தொழில்துறை கேட்கும் உறுதியும் அதில் கிடைக்கும். அரிய மண் தாதுவைக் கச்சாவாக ஏற்றுமதி செய்யத் தடை வரும் என்று 2023 செப்டம்பரில் பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தாது நாட்டிலேயே இருக்கப்போகிறது என்றால் அதை அவசரமாகத் தோண்டும் கட்டாயமும் தளர்ந்துவிட்டது. பேராக், கெடா, கிளந்தான் மாநில அரசுகள் அடுத்த குத்தகையில் கையெழுத்திடுவதற்கு முன், அந்தப் படுகையின் ஓராண்டு நீர் அளவீட்டை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.