செஞ்சிக் கற்களும் நம் வீட்டுப் பரணும்



2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் 12 சேர்க்கப்பட்டதில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். அதிலிருந்து குடும்பத்தோடு வருகிறீர்கள், ராஜகிரி ஏறிப் படம் போடுகிறீர்கள். சந்தோஷம். அங்கே தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. பல காலத்துச் சிற்பங்களை வைத்திருக்கிறார்கள். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள்.

செஞ்சியின் சொத்து பல ஊர்களில் கிடக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இங்கிருந்து போனவை. 1750இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1761 வரை வைத்திருந்தார்கள். தூக்க முடியாதவை மட்டும் தங்கின. திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களும், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டும் பாறையோடு இருக்கின்றன. நமக்குப் பக்கத்துப் பனைமலையில் ராஜசிம்மன் கோயிலின் உமை ஓவியம் சுவரோடு இருக்கிறது. மேல்சித்தாமூர் சமண மடத்தார் ஓலைச்சுவடிகளைக் காத்து வருகிறார்கள்.

அனந்தபுரத்துக்கு என்ன இருக்கிறது? பரண்தான். ஓட்டு வீட்டை இடிக்கும்போது மரக்கால், படி, ஏற்றச்சால், பத்திரக்கட்டு எல்லாம் பழைய சாமான்காரருக்குப் போகின்றன. 1714இல் மாண்ட தேசிங்குராஜனைப் பாடக் கதைப்பாட்டு உண்டு. அறுப்புக் கூலி அளந்த மரக்காலுக்கு யார் இருக்கிறார்கள்? என் கணக்கில் ராஜாவின் வாளைவிட அதுதான் நம் பாட்டன் பூட்டனைப் பற்றி அதிகம் சொல்லும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிலை, நாணயம், கலைப்பொருள், மதிப்புள்ள சுவடி என்றால் 75 ஆண்டு கடந்தது, இவற்றைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துப்போகக் கூடாது. தாத்தா ஞாபகம் என்று பெட்டியில் வைத்துவிடாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து புதையலாக ஏதாவது கிடைத்தால், அது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது, விற்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். யார் வீட்டுப் பொருள், என்ன பெயர் சொல்வார்கள், கடைசியாக யார் பயன்படுத்தினார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். மரக்காலில் முத்திரை குத்தியிருந்தால் அதைத் தனியாகக் கிட்டத்தில் வைத்து எடுக்கவும்.