நொதி அச்சுத்தாள்

நொதியை மையாக்கித் தாளில் அச்சிட்டு, தேடும் பொருள் பட்டதும் நிறம் மாறும்படி செய்த சோதனைத் தாள் இது. அச்சு பின்னால் வந்தது. முதலில் வந்தது ஊறவைத்து உலர்த்திய தாள். 1956இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனத்தில் ஆல்பிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கிய கிளினிஸ்டிக்ஸ் பட்டை, சிறுநீரில் சர்க்கரையைக் காட்டியது. பட்டையிலுள்ள குளுகோஸ் ஆக்சிடேஸ், சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சிடேஸ் அதைக்கொண்டு சாயத்தின் நிறத்தை மாற்றும்.

2007இல் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு, நீர் பாயும் தடங்களைத் தாளிலேயே அமைத்தது. 2008இல் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தினர் தடங்களையும் வினைப்பொருள்களையும் இங்க்ஜெட் அச்சுப்பொறியால் இட்டனர். 2009இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் செய்த வேலைதான் துறையின் முக்கியத் திருப்பம். நொதி ஒரு புரதம், சூட்டில் கெடும். ஆகவே மையைச் சூடாக்கித் தெறிக்கவைக்காமல், மின்னழுத்தத்தில் அதிரும் படிகத்தால் துளித்துளியாகத் தள்ளும் அச்சுப்பொறியைப் பயன்படுத்தினர். அடியில் சிலிக்கா, நடுவில் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்னும் நொதி, மேலே மறுபடியும் சிலிக்கா. சாதாரணமாக அச்சிட்ட இடம் மஞ்சளாகும். பூச்சிமருந்து இருந்தால் நொதி முடங்கி, மஞ்சள் வெளிறும்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான முயற்சி சென்னை ஐஐடியினுடையது. பல்லப் சின்ஹா மஹாபாத்ரா குழு 2022இல் வெளியிட்ட அடுக்குத் தாள் கருவி, 1 மில்லி பாலில் யூரியா, சோப்பு, ஸ்டார்ச் உள்ளிட்ட கலப்படங்களை 30 விநாடியில் காட்டுகிறது. வினைப்பொருள்களைத் தாளில் ஏற்றி உலர்த்தும் முறை அது.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கரையில் நொதித் தாளுக்குப் பெரிய பகை ஈரக்காற்று. சுகர் ஸ்ட்ரிப் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொருள் வைப்பதும், எடுத்தவுடன் மூடச் சொல்வதும் இதனால்தான். முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு மையத்தின் களநிலையம் இருக்கிறது. இறால் குளத்து நீரைக் கரையிலேயே சோதிக்கும் தாள் வேண்டுமென்றால், அச்சிடுவதைவிட நொதியை இந்தக் காற்றில் காப்பதே கடினமான வேலை.

பாலில் கலந்த யூரியாவை வீட்டிலேயே சோதிக்கலாம்; அதைச் சிதைக்கும் யூரியேஸ் என்னும் நொதி நம் துவரையிலேயே உள்ளது. 5 மில்லி பாலில் அரைத் தேக்கரண்டி துவரைப் பொடியைக் குலுக்கி, 5 நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனையுங்கள். தாள் நீலமானால் அந்தப் பாலில் யூரியா கலந்திருக்கலாம்.