அடிநாதம் மீட்டியோர்



இலக்கியத் தொடர் ஒன்றில் இசைக்கருவியின் வரலாற்றைப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். நம் பழைய நூல்களைப் பயின்றோர் அவ்வாறு வினவார். பொருநராற்றுப்படை யாழை உறுப்புறுப்பாக வருணிக்கின்றது. மலைபடுகடாம், கூத்தர் தம் வாத்தியங்களைப் பைகளில் இட்டுச் சுமந்து மலைவழி நடப்பதைக் காட்டுகின்றது. சீவக சிந்தாமணியிலே காந்தருவதத்தையின் முன் நின்ற சீவகன், கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகிறான். இது நீரில் ஊறிய மரம், இது இடி விழுந்த மரம், இந்த நரம்பிலே மயிர் கிடக்கிறது என்று குற்றம் சொல்லி விலக்குகிறான். மறைந்து போன அந்த யாழைத் தேடித் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட நம் மட்டக்களப்பு மண்ணின் விபுலானந்த அடிகளார், 1947 ஆம் ஆண்டு யாழ் நூலை அரங்கேற்றிய சில வாரங்களிலேயே மறைந்தார். கருவியைப் பற்றிப் பேசுவது கலைஞனைப் பற்றிப் பேசுவதே என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட கருவி பேஸ் கிற்றார். நான்கு தடித்த தந்திகள் கொண்டது. தமிழிசை மரபு ஒலியின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுக்கும். அவற்றுள் மெலிவுத் தானத்துக்கே உரிய கருவி இது. பாட்டைக் கேட்டுத் திரும்பும் ஒருவர் பாடகரின் குரலை நினைவில் வைத்திருப்பார். வயலினையும் புல்லாங்குழலையும் சொல்லுவார். பேஸ் கிற்றாரைச் சொல்லுவார் அரிது. ஆயினும் அது நின்றுவிட்டால் பாட்டின் அத்திவாரமே அசைந்தது போலத் தோன்றும்.

இக்கருவி பிறந்த கதை ஒரு சுமையின் கதை. முன்னர் இந்த அடிநாதத்தைத் தந்தது டபிள் பேஸ் எனப்படும் பெரிய வாத்தியம். ஆளுயரத்துக்கு நிற்கும், மோட்டார் காரில் ஏற்றினால் காரே நிறைந்துவிடும். அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தில் வாழ்ந்த போல் டுட்மார்க் என்பவர், டபிள் பேஸ் வாசிப்பவர் மீது இரக்கப்பட்டே புதிய கருவியைச் செய்தார் என அவர் மகன் பிற்காலத்தில் கூறியுள்ளார். மற்றக் கலைஞர்கள் கூடிச் சிரித்துப் பேசி ஒரே வண்டியில் போவார்களாம். அவன் மாத்திரம் தன் வாத்தியத்தோடு தனியே போவானாம். டுட்மார்க் 1936 ஆம் ஆண்டளவில் ஓடியோவொக்ஸ் 736 என்னும் சிறிய மின் பேஸை விற்பனைக்கு விட்டார். கிற்றாரைப் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கக்கூடிய கருவி அது. ஆனால் அது பரவவில்லை.

பரவியது 1951 இல் கலிபோர்னியாவின் புல்லர்ற்றன் நகரிலிருந்து வந்த கருவி. அதைச் செய்த லியோ பென்டர் ஒரு வானொலி திருத்துநர். வானொலித் தொடரில் இவரைப் பற்றிப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனால் தம் கடைக்கு வந்த கலைஞர்களின் முறைப்பாடுகளைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்திருந்தது. டபிள் பேஸ் வாசிப்போரின் முறைப்பாடுகள் மூன்று. காவ முடியவில்லை, ட்ரம்மும் ட்ரம்பெற்றும் முழங்கும்போது எங்கள் வாத்தியம் கேட்பதில்லை, விரல் வைக்கும் இடம் ஒரு நூல் பிசகினாலும் சுருதி பிசகுகிறது. மூன்றுக்கும் அவர் விடை கண்டார். கனமான பலகை ஒன்றை உடலாக வைத்துச் சுமையைக் குறைத்தார். காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளை உருக்குத் தந்திகளின் கீழ் பதித்து, தந்தியின் அதிர்வை மின்னாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினார். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகளைக் கழுத்திலே பதித்துச் சுருதியை நிலைநிறுத்தினார். துல்லியமான சுருதி என்பதாலேயே கருவிக்கு 'பிரிசிஷன்' எனப் பெயரிட்டார். அவர் வகுத்த 34 அங்குலத் தந்தி நீளமே இன்றும் பெரும்பான்மையான பேஸ் கிற்றார்களின் அளவு.

புதிய கருவியை மேடையேற்றியவர்களுள் முதன்மையானது லயனல் ஹம்ப்டனின் ஜாஸ் குழு. 1952 இல் அக்குழுவில் றோய் ஜோன்சன் இதனை வாசித்தார். அவரைத் தொடர்ந்து மொங்க் மொன்ற்கொமரி வாசித்தார். டபிள் பேஸில் ஊறிய மொன்ற்கொமரிக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பெரிய வாத்தியத்தை அணைத்து நின்றவனுக்கு இது விளையாட்டுச் சாமான் போலத் தோன்றியிருக்கும். ஆனால் குழுத் தலைவர் விரும்பினார், கலைஞர் பழகிக்கொண்டார்.

கருவி சிறுத்ததும் சுமை தீர்ந்துவிடவில்லை. அது ஒலிபெருக்கிக்கு இடம் மாறியது. அம்பெக் என்ற கம்பனியின் பெயரே, டபிள் பேஸின் அடியிலுள்ள முளைக்குள் ஒலிவாங்கியை வைத்த எவரெற் ஹல்லின் யோசனையிலிருந்து வந்தது. அக்கம்பனி 1960 இல் வெளியிட்ட பி-15 என்னும் ஒலிபெருக்கியின் மேற்பகுதியைத் தலைகீழாகப் புரட்டிப் பெட்டிக்குள்ளேயே அடக்கிக்கொண்டு போகலாம். ஒலிப்பதிவுக் கூடங்களில் அதன் இதமான ஒலி பெரிதும் விரும்பப்பட்டது. ஆனால் திறந்த வெளிகளில் ஆயிரக்கணக்கானோர் கூடும் காலம் வந்ததும் அது போதவில்லை. 1969 இல் அதே கம்பனி 300 வாட் வலுவுள்ள எஸ்.வி.ரி.யைச் செய்தது. றோலிங் ஸ்ரோன்ஸ் குழு அவ்வாண்டு தன் அமெரிக்கப் பயணத்தில் அதைப் பாவித்தது. பெட்டி ஒவ்வொன்றிலும் 10 அங்குல ஒலிபெருக்கிகள் எட்டு. அதைத் தூக்கிய பேஸ் கலைஞர்கள் பழைய டபிள் பேஸை நினைத்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இனி, கலைஞர்கள் தம் கருவிகளைத் தாமே மாற்றிய கதைகளுக்கு வருவோம். கருவியில் எது குறையோ அதுவே புது வழிக்கு வாசலாக அமைந்ததை இக்கதைகளிற் காணலாம். றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் பில் வைமன் 1961 இல் மலிவான பேஸ் ஒன்றை வாங்கினார். அதன் மெட்டுகள் இரைந்தன. புதியன பதிப்போம் என்று அவற்றைப் பிடுங்கினார். மெட்டில்லாத கழுத்தின் ஒலி பிடித்துப் போகவே அப்படியே விட்டுவிட்டார். மக்கார்ட்னி அதே ஆண்டில் ஹம்பேர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுணுக்கு ஹொப்னர் பேஸை வாங்கினார். அவர் இடக்கையர். வயலின் வடிவில் இரு புறமும் ஒத்திருந்ததால் அதைத் திருப்பிப் பிடித்தாலும் அவலட்சணமாக இராது என்பது அவர் சொன்ன காரணம். 1972 இல் லண்டனில் வான் ஒன்றிலிருந்து களவு போன அந்தக் கருவி, 50 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024 இல் வெளியாயிற்று.

லறி கிரகாமின் கதை இன்னொரு வகை. அவர் தம் தாயாரின் சிறு குழுவில் கிற்றார் வாசித்தவர். ஓர்கனின் அடிச்சுரங்களை மிதிபலகையால் வாசித்து வந்தார். ஓர்கன் பழுதானதும் பேஸ் கிற்றார் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பின்னர் குழுவில் ட்ரம்மும் இல்லாமற் போயிற்று. இல்லாத ட்ரம்மின் இடத்தை நிரப்பவே பெருவிரலால் தந்தியை அடித்தும், மற்ற விரலால் சுண்டி இழுத்தும் வாசிக்கத் தொடங்கினார். இன்று உலகெங்கும் இளைஞர்கள் பயிலும் அந்த முறை, வறுமை கற்பித்த பாடம்.

ஜாக்கோ பஸ்ரோரியஸ் 1962 ஆம் ஆண்டுப் பென்டர் ஜாஸ் பேஸின் மெட்டுகளை வெண்ணெய்க் கத்தியால் பிடுங்கியதாகச் சொல்லுவார். பள்ளங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபொக்சியைக் கழுத்தின் மேல் பூசினார். கம்பி சுற்றிய கரடுமுரடான தந்திகள் மரத்தை அரித்துவிடும் என்பதற்காகவே அந்தப் பூச்சு. மெட்டற்ற அக்கருவியில் மனிதக் குரலைப் போல வழுக்கி வரும் கமகங்களை 1976 இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டில் உலகம் கேட்டது. நம் வீணைக்கும் கோட்டு வாத்தியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்தக் கருவி 1986 இல் களவு போயிற்று. மறு ஆண்டில், இரவு விடுதி ஒன்றின் வாசலில் அடிபட்டு, 35 வயதில் ஜாக்கோ மறைந்தார்.

சில காலத்துக்கு முன் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி முடிந்தபின், பேஸ் வாசித்த என் பழைய மாணவனோடு பேசிக்கொண்டிருந்தேன். தந்தி மாற்றிப் பல வருடமாம். "சேர், புதுத்தந்தி பளபள எண்டு கத்தும். பழசுதான் பாட்டோட சேரும்" என்றான். "நீ வாசிக்கிறதைச் சனம் கவனிக்குதோ?" என்று கேட்டேன். "வாசிக்கேக்க ஒருத்தரும் கவனியாயினம் சேர். நிப்பாட்டினாத்தான் என்ன குறையுது எண்டு பாப்பினம்" என்று சிரித்தான். அவன் அறியாமலே ஜேம்ஸ் ஜேமர்சனின் பேச்சைப் பேசுகிறான் என எனக்குத் தோன்றியது.

ஜேமர்சன் 1936 இல் தென் கரோலைனாவில் பிறந்தவர். டிட்ரொயிற் நகருக்கு வந்து பள்ளிக்கூடத்து டபிள் பேஸில் பயின்றார். 1959 இல் தொடங்கிய மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியின் சிறிய கூடத்தில், 1960களில் உலகையே ஆட வைத்த பாடல்கள் பலவற்றுக்கு அவரே பேஸ் வாசித்தார். அவர் கையில் இருந்தது 1962 ஆம் ஆண்டுப் பிரிசிஷன். தடித்த, வழவழப்பான தந்திகள். அவற்றை அறுந்தாலன்றி மாற்றமாட்டார். தந்தியில் ஏறிய அழுக்கே ஒலிக்குச் சுவை என்பது அவர் கொள்கை. தந்திகளின் அடியில் பஞ்சுத் துண்டு ஒன்றை அடக்கி, ஒலி நீளாமல் பார்த்துக்கொண்டார். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தார். அதைக் 'கொக்கி' என்றனர் நண்பர்கள்.

இத்தனை பாடல்களிலும் அவர் பெயர் இல்லை. மோட்டவுன் தன் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை உறைகளில் அச்சிடவில்லை. மார்வின் கேயின் 1971 ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையிலேதான், ஒப்பற்றவர் என்ற அடைமொழியோடு ஜேமர்சனின் பெயர் வந்தது. அடுத்த ஆண்டு கம்பனி லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டது. 1983 இல் மோட்டவுனின் 25 ஆண்டு நிறைவு விழா பெரும் எடுப்பில் நடந்தது. ஜேமர்சனுக்கு அழைப்பில்லை. அவர் பணம் கொடுத்து ரிக்கற் வாங்கி, மாடியின் பின்வரிசையில் இருந்து பார்த்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவ்வாண்டு ஆகஸ்ட் 2 ஆம் நாள் அவர் இறந்தார். இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் அவருடைய பேஸும் களவு போயிற்று; அது கிடைக்கவேயில்லை.

பெயர் அச்சிடாமை வெறும் மரியாதைக் குறைவு மட்டும் அன்று. வரலாற்றையே அது குழப்பிவிடுகிறது. லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ்பெற்ற கரோல் கே என்னும் பெண் கலைஞர், 1963 இல் வர வேண்டிய பேஸ் கலைஞர் வராததால் அக்கருவியை எடுத்தவர். தந்திகளின் மேல் கம்பளித் துண்டு வைத்து, சிறு தகடு கொண்டு மீட்டுவது அவர் முறை. மோட்டவுனின் சில புகழ்பெற்ற பாடல்களில் வாசித்தது தாமே என்று அவர் கூறினார். ஜேமர்சனின் பக்கத்தார் மறுத்தனர். உறையிலே ஒரு வரி அச்சிட்டிருந்தால் இந்த வழக்கே எழுந்திராது. இருவருமே பெருங்கலைஞர்கள், பழி அவர்களைச் சேராது, எழுதாமல் விட்டவரைச் சேரும். 2000 ஆம் ஆண்டில் ஜேமர்சனுக்கு றொக் அன்ட் றோல் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2025 இல் அதே மண்டபம் கரோல் கேயை அழைத்தபோது அவர் ஏற்க மறுத்துவிட்டார்.

தமிழ் நேயர்களுக்கும் இக்கதையில் பங்குண்டு. 1976 இல் அன்னக்கிளி மூலம் அறிமுகமான இளையராஜா தாமே கிற்றார் கலைஞர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். அவர் பாடல்களில் பேஸ் கிற்றார் தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்பதில்லை. பாடலின் அடியில் இன்னொரு மெட்டாக நடக்கிறது. அதை வாசித்தவருள் முக்கியமானவர் சசிதரன். அந்நாட்களில் எங்கள் வீடுகளில் இருந்த கசற்றுகளின் உறைகளை எடுத்துப் பாருங்கள். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்கள் இருக்கும். சசிதரனைத் தேடினாலும் காணக் கிடைப்பது அரிது. பின்னர் ஏ. ஆர். ரஹ்மான் தம் இசைத்தட்டுகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிட்டார். பேஸ் வாசித்த கீத் பீற்றர்ஸின் பெயரைப் பலர் அறிந்தது அவ்வாறே.

சங்கப் பாடல்களிலே ஆசிரியர் பெயர் தெரியாதபோது, பாட்டிலுள்ள அழகிய தொடரையே பெயராக இட்டு, செம்புலப்பெயல்நீரார் என்று வழங்கினர் நம் முன்னோர். யாரோ ஒருவர் என்று விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த மரபில் வந்த நாம், எங்கள் கல்லூரி விழாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நிகழ்ச்சி நிரல் அச்சிடும்போது, பாடியவரின் பெயரோடு பின்வரிசையில் நின்று வாசித்தவரின் பெயரையும் சேர்த்து எழுதலாம். அதற்கு ஒரு வரிதான் செலவாகும். நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பொறுப்பு உங்களில் யார் கைக்கு வந்தாலும் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.