மாடிப்படிக்கு அடியில் இருந்த போர்டு

எங்கள் ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டை 2018-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11.40-க்கு நிறுத்தினோம். பவர் சுவிட்சைக் கீழே தள்ளிய கை என்னுடையது. பச்சை விளக்குகள் உடனே அணையவில்லை. உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தில் மூன்று நான்கு விநாடி எரிந்தன, பிறகு ஒவ்வொரு வரிசையாக மங்கின. புது நெட்வொர்க் போட வந்த கான்ட்ராக்டர் பையன்கள் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட மனம் வரவில்லை.

கணக்குப் புத்தகத்தில் அதற்கு இ.பி.ஏ.பி.எக்ஸ். என்று பெயர். கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் அது போர்டுதான். "போர்டுக்கு அடி", "போர்டுல சொல்லிடு", "போர்டுல கேளு". 1998-ல் மாட்டியது. உள்ளே 200 எக்ஸ்டென்ஷன், வெளியே போக 16 லைன்.

அறை எட்டடிக்கு ஆறடி. சுவரில் பீரோ அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. தரையில் மரப்பலகை போட்டு, அதன்மேல் நான்கு 12 வோல்ட் பேட்டரிகள். தொடராக இணைத்தால் 48 வோல்ட். மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி வாசலின் தடவ வேண்டும். எதிர்ச்சுவரில் எம்.டி.எஃப். அங்கேதான் கட்டடத்தின் எல்லாக் கம்பிகளும் வந்து சேரும். கேபிளில் இருக்கும் 25 ஜோடிக்கும் நிறக் கணக்கு உண்டு. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று இன்னோர் ஐந்து. வெள்ளை-நீலம் முதல் ஜோடி, ஊதா-சாம்பல் கடைசி ஜோடி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொன்னார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த ஜோடிக் கம்பியில் பேச்சு மட்டும் போகவில்லை, கரண்டும் போனது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடும், கம்பியில் மின்னோட்டம் ஓடும், போர்டு அதை உணர்ந்து டயல் டோன் கொடுக்கும். மேஜைமேல் இருக்கும் போனுக்குத் தனியாக பிளக் கிடையாது, அடாப்டர் கிடையாது. மணி அடிக்கிற நேரத்தில் மட்டும் சுமார் 75 வோல்ட் பாயும். மூன்றாவது மாடியில் ஏணிமேல் நின்று, வேர்த்த விரலால் கம்பியைப் பிடித்திருந்தபோது யாரோ அந்த நம்பரை அடித்துவிட்டார்கள். தோள்வரை ஏறியது. இறங்கி வந்து யார் அடித்தது என்று கேட்டேன். பிரசவ வார்டுக்குக் குழந்தை பிறந்ததா என்று விசாரித்த தாத்தா. பெண் குழந்தை.

இந்தப் போர்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. ஆதியில் கயிறும் துளையுமாக இருந்த பலகை; ஆபரேட்டர் முளையை எடுத்துத் துளையில் செருகினால்தான் இணைப்பு. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஈமக்காரியத் தொழில் செய்துவந்த அல்மன் ஸ்ட்ரோஜர், தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டு, ஆபரேட்டரே தேவையில்லாத எக்ஸ்சேஞ்சை யோசித்தார் என்பார்கள். 1891-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த வருடம் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அது வேலைக்கு வந்தது. நம் ஊரில் 1984-ல் சாம் பிட்ரோடா முன்னின்று தொடங்கிய சி-டாட், 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் 128 இணைப்புள்ள கிராம எக்ஸ்சேஞ்சை நிறுவியது. ஏ.சி. வேண்டாம், வெயிலையும் தூசியையும் தாங்கும். எங்கள் மாடிப்படி அறையிலும் ஏ.சி. கிடையாது. அந்தக் காலத்தில் இவற்றைச் செய்தவர்கள் நம் கட்டடங்களைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

ஆபரேட்டர் வேண்டாம் என்று பிறந்த கருவிதான். ஆனாலும் வெளியிலிருந்து வருகிற அழைப்பை உள்ளே யாரிடம் சேர்ப்பது என்று தீர்மானிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்களுக்கு அது அக்கா.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மாற்றுத் திறனாளிகளுக்கான 1995-ஆம் வருடச் சட்டம், அரசு வேலையில் 1 சதவீதத்தைப் பார்வை இல்லாதவர்களுக்கு ஒதுக்கியது. அவர்களுக்கு ஏற்றது என்று நம் நாட்டில் அடையாளம் காணப்பட்ட வேலைகளில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை முக்கியமானது. வங்கியிலும் கலெக்டர் ஆபீசிலும் போன் எடுத்துப் பேசிய எத்தனையோ குரல்கள் அவர்களுடையவை. தனியார் இடமான எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. அப்போதிருந்த நிர்வாகி நல்ல மனிதர், எடுத்துக்கொண்டார்.

200 நம்பரும் அக்காவுக்கு மனப்பாடம். புதிதாக வந்த நம்பரை மட்டும் பிரெய்லில் குத்தி ஒரு அட்டையில் வைத்திருப்பார். ஒரு வாரத்தில் அந்த அட்டைக்கும் வேலை இருக்காது. உள்ளிருந்து வந்தால் ஒற்றை மணி, வெளியிலிருந்து வந்தால் இரட்டை மணி. இரட்டை மணிக்கு அக்காவின் குரலே வேறு. ஒரு மதியம் நான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அழைத்த அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. "ஆட்டோல கூட்டிட்டு வந்தாங்களாம்" என்பதற்குமேல் அழுகை. அக்கா பேர் கேட்கவில்லை. "எந்தப் பக்கம்மா உங்க வீடு? எத்தனை மணிக்குக் கிளம்பினாங்க?" என்று கேட்டார். லைனை நிறுத்திவைத்துவிட்டு கேஷுவாலிட்டிக்கு 222 அடித்தார், ஸ்கேனுக்கு 231, மறுபடி கேஷுவாலிட்டி. மூன்றாவது முறை ஆள் கிடைத்தார். அவரை லைனில் வைத்து, அந்த அம்மாவின் குரலையும் இவர் குரலையும் ஒன்றாகக் கேட்ட பிறகுதான் அக்கா விலகினார். "ஆள் எடுக்காம லைனை விடக் கூடாது தம்பி. அந்தப் பக்கம் மணி அடிச்சிட்டே இருந்தா, காத்துட்டு இருக்கவங்களுக்கு என்ன தெரியும்?" என்பார். சேவைத் தரம் பற்றி நான் போன பயிற்சி வகுப்புகள் எதிலும் இதைவிட மேலான ஒன்றைக் கேட்டதில்லை.

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். மதியத்துக்குள் தெருவில் இருந்த மரங்கள் எல்லாம் சாய்ந்தன. கரண்ட் போனது. சாயங்காலம் செல்போன் சிக்னல் ஒவ்வொரு கம்பெனியாகச் செத்தது. வாசலில் விழுந்த தூங்குமூஞ்சி மரம் வெளி டெலிபோன் கேபிளையும் இழுத்துக்கொண்டு போனது. டீசலை மிச்சம் பிடிக்க, ஜெனரேட்டர் கரண்ட் ஐ.சி.யூ.வுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் மட்டும். கம்ப்யூட்டர் எல்லாம் அணைந்துவிட்டது. உள் எக்ஸ்டென்ஷன்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையாமல் பேசின. நான்கு பேட்டரியும் தம் பிடித்தன. ஜெனரேட்டரில் இருந்து விட்டு விட்டு நான் சார்ஜ் ஏற்றினேன். நாலாவது மாடியில் சிலிண்டர் மாற்ற வேண்டும், லிஃப்ட் இல்லை, ஆள் அனுப்புங்கள். ரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு நாள். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அறையில் விளக்கும் இல்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

அப்படிப்பட்டதை ஏன் நிறுத்தினோம்? 2017 மழைக்காலத்தில் விழுந்த இடி மூன்று லைன் கார்டுகளைச் சுட்டுவிட்டது. தயாரித்த கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டு வெகுகாலம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து, வேறெங்கோ செத்த போர்டிலிருந்து கழற்றிய கார்டு ஒன்றை வாங்கிவந்தேன். அதுவும் நான்கு மாதம்தான் வந்தது. இன்னொரு பக்கம் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் ஃபிலிமை விட்டு நெட்வொர்க்குக்கு வந்துவிட்டன. மாடிக்கு மாடி ஃபைபர் இழுக்க வேண்டிய கட்டாயம். இழுப்பதுதான் இழுக்கிறோம், போனையும் அதிலேயே ஓட்டிவிடலாம் என்றார்கள். கூட்டத்தில் நானும் தலையாட்டினேன்.

புதியது மோசம் என்று சொன்னால் அது பொய். டாக்டர் எந்த மேஜைக்கு மாறினாலும் அவர் நம்பர் கூடவே போகிறது. முன்பு ஒரு எக்ஸ்டென்ஷனை இடம் மாற்ற அரை நாள் ஏணியில் நிற்பேன். இப்போது திரையில் இரண்டு நிமிடம். விட்டுப்போன அழைப்பு பதிவாகிறது. வெளி உலகத்துக்கு ஒரே இணைப்பில் 30 பேர் பேசலாம். பழுது என்றால் டிக்கெட் போட்டால் போதும், யார் எப்போது சரிசெய்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. இதில் பலதை நானே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது மாடியில் மேஜையைச் சுத்தம் செய்தவர், கீழே தொங்கிய நெட்வொர்க் வயரைப் பார்த்து, கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று நல்லெண்ணத்தில் சுவர்ப் பெட்டியில் செருகினார். அதன் இன்னொரு முனை ஏற்கெனவே அதே பெட்டியில் இருந்தது. அனுப்பிய தகவல் தானே சுற்றி வந்து, பெருகிப் பெருகி நெட்வொர்க்கை மூழ்கடித்தது. அதைத் தடுக்கிற அமைப்பு சுவிட்சில் உண்டு. அந்த ஒரு மாடியில் அதைப் போடாமல் விட்டது என் தவறு. 47 நிமிடம். கம்ப்யூட்டர் போனது, வைஃபை போனது, அதோடு சேர்ந்து 200 போனும் போனது. போன் வேலை செய்யவில்லை என்று சொல்லப் போன் இல்லை. டிக்கெட் போட நெட்வொர்க் இல்லை. ரத்த வங்கி இருக்கும் அடித்தளத்தில் செல்போன் எடுக்காது. தியேட்டரிலிருந்து ஒரு நர்ஸ் நான்கு மாடி ஓடி இறங்கி, வாயால் சொல்லி, ரத்தப் பையோடு ஓடி ஏறினார். உயிர்ச்சேதம் இல்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைக் கடந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

போர்டு இறந்ததில் நாங்கள் இழந்தது என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குத் தனிக் கம்பி, தனிக் கரண்ட், தனி மூளை. கம்ப்யூட்டர் செத்தாலும் அதற்குத் தெரியாது. அது செத்தாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிறகு நாங்கள் நெட்வொர்க்கின் மையமான கோர் சுவிட்ச் இரண்டாவதாக ஒன்று வாங்கினோம், பெரிய யு.பி.எஸ். வாங்கினோம். அதெல்லாம் ஒரே பாதையை அகலப்படுத்துகிற வேலை. போர்டு வேறு பாதையாக இருந்தது. எங்களுக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை இது. பிரிட்டனில் பழைய செம்புக்கம்பித் தொலைபேசியை 2025 முடிவுக்குள் நிறுத்திவிடுவதாக இருந்தார்கள். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தான்கள் மாற்றத்துக்குப் பிறகு வேலை செய்யாமல் போன சம்பவங்கள் வந்தன. கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள்.

அக்கா இருந்த இடத்தில் இப்போது ஒரு பதிவுக் குரல். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும். அக்காவை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். காகிதக் கோப்புகள் நிறைந்த அறையில் பார்வை இல்லாதவருக்கு என்ன வேலை? எட்டு மாதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, தானே எழுதிக்கொடுத்துப் போய்விட்டார். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படித்துக் காட்டும். அதைப் போட்டுக் கொடுத்து அக்காவை ஹெல்ப் டெஸ்க்கில் உட்காரவைத்திருக்கலாம். பழுது என்று பதறி அழைப்பவரிடம் அவரைவிட நன்றாக யார் பேசியிருப்பார்? ஒரு கூட்டத்தில் ஒரு தடவை சொன்னேன். விடாமல் சொல்லியிருக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்த திட்டத்தில் அவருக்கென்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டோம். இந்த மாற்றத்தில் நாங்கள் செய்த பெரிய பிழை அதுதான், சுவிட்சில் விட்டது அல்ல.

பெட்டியைக் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஷாஃப்டில் ஓடும் செம்புக் கேபிளுக்கும் அவரே நல்ல விலை சொன்னார். அதை மட்டும் விற்க விடவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் பேச்சைக் கேட்டார்கள்.

சின்ன இன்டர்காம் பெட்டி ஒன்று வாங்கினேன், எட்டு இணைப்பு. ஒரு 12 வோல்ட் பேட்டரி. நெட்வொர்க்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், பழைய கேபிளில் ஐந்து ஜோடி எடுத்து ஐந்து சிவப்புப் போன்களை மாட்டினேன். கேஷுவாலிட்டி, தியேட்டர், ஐ.சி.யூ., ரத்த வங்கி, ஜெனரேட்டர் ரூம். திங்கள்கிழமை காலை 7 மணிக்கு ஐந்தையும் அடித்துப் பார்க்கிறேன். ஆள் எடுத்து, "கேக்குது சார்" என்று சொன்ன பிறகுதான் வைப்பேன். போன வாரம் ஜெனரேட்டர் ரூம் லைனில் கரகரப்பு இருந்தது. ஊதா-பழுப்பிலிருந்து ஊதா-சாம்பலுக்கு மாற்றினேன். இப்போது சுத்தமாகக் கேட்கிறது.