சுருட்டும் கலால் வரியும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மலேசிய நாடாளுமன்றத்தில் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் படைக்கப்பட்டது. புகையிலைப் பொருள்களின் மீதான கலால் வரி உயர்வு அதில் இடம்பெற்றது. சிகரெட் ஒன்றுக்கு 2 சென்னும், சுருட்டு வகைகளுக்குக் கிலோகிராம் ஒன்றுக்கு 40 ரிங்கிட்டும் கூடின. நவம்பர் முதல் நாள் இவ்வுயர்வு நடப்புக்கு வந்தது. சுருட்டைக் குறித்த அந்தச் சிறு அறிவிப்பின் பின்னே தமிழர் வரலாற்றின் நீண்ட கிளையொன்று மறைந்து கிடக்கிறது.

முதலில் சொல்லை நோக்குவோம். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்றும் மலாயில் ‘செருட்’ என்றும் வழங்கும் சொற்கள் இரண்டும் ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச் சொல்லின் வழிவந்தவையே. உலக நாடுகள் பொதுவாகக் கைக்கொள்ளும் சுங்க அட்டவணையின் 2402ஆம் தலைப்பிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. புகையிலைச் செடி அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியரால் நம் கரைக்கு வந்தது. செடி அயலது, எனினும் இலையைச் சுருட்டிய கையும் அதற்கு இட்ட பெயரும் தமிழருடையவை. உலகுக்கு அப்பெயரை அளித்த மக்களே புகையிலை வரியின் சுமையையும் நெடுங்காலம் சுமந்தனர் என்பதை வரலாறு காட்டுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினி மலையாளக் கரையில் புகையிலை வாணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. கோயம்புத்தூர்ச் சீமையில் விளைந்த புகையிலையைக் குறைந்த விலைக்குக் கொண்டு, மலபாரில் பன்மடங்கு விலைக்கு விற்றது. விளைவித்த உழவனுக்கு விற்கும் உரிமை இல்லை; பயன்படுத்திய ஏழைக்கு வேறிடத்தில் வாங்கும் உரிமை இல்லை. விளைவு யாது? பாலக்காட்டுக் கணவாய் வழியே கள்ளக் கடத்தல் பெருகிற்று. காவலும் தண்டனையும் பெருகின. 1850களின் தொடக்கத்தில் அத்தனியுரிமை கைவிடப்பட்டது. யாழ்ப்பாணப் புகையிலையின் பெருஞ்சந்தையாக விளங்கிய திருவிதாங்கூரிலும் இத்தகைய அரசுத் தனியுரிமை இருந்தது. 1863இல் திவான் தி. மாதவராவ் அதனை ஒழித்து, அதனிடத்தில் இறக்குமதித் தீர்வையை அமைத்தார். வணிகர்க்கு வழி திறந்தது. அரசின் வருவாயும் நின்றது.

இனி, சுருட்டுத் தொழிலின் தாயகமாகிய திருச்சிராப்பள்ளியையும் திண்டுக்கல்லையும் காண்போம். உறையூரில் சுருட்டப்பட்ட சுருட்டு, ‘டிரிச்சினாப்பொலி’ என்னும் பெயரால் இங்கிலாந்து வரை புகழ்பெற்றது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் புதினத்தில், சாம்பலைக் கண்டே அது இன்ன சுருட்டு எனத் துப்பறிவாளர் கூறும் அளவுக்கு அதன் பெயர் பரவியிருந்தது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தார் சுருட்டாலை நடத்தினர்.

இரண்டாம் உலகப் போரின் செலவுக்குப் பொருள் தேடிய இந்திய அரசு, 1943இல் புகையிலைக்குக் கலால் வரி விதித்தது. மறு ஆண்டு அது மத்தியக் கலால், உப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. உருப்பெற்ற சுருட்டுக்கு நூற்றுக்கு இவ்வளவு என, விலைமதிப்பின் படிநிலைக்கு ஏற்ப வரி வகுக்கப்பட்டது. உயர்ந்த விலைச் சுருட்டுக்கு மிகுந்த வரி. தாழ்ந்த விலைச் சுருட்டுக்குக் குறைந்த வரி. இது நேரிய முறையே. ஆனால் பதப்படுத்திய இலைக்கும் வரி இருந்தமையால், உழவனின் களத்திலும் கிடங்கிலும் அதிகாரி நுழைய வேண்டியதாயிற்று. இலை நிறுக்கப்பட்டது, கணக்கேடு எழுதப்பட்டது, வரி செலுத்தும்வரை சரக்கு பூட்டிய கிடங்கில் கிடந்தது. 36 ஆண்டுகள் சென்று 1979இல்தான் உருப்பெறாப் புகையிலையின் மீதான வரி நீக்கப்பட்டது. அதற்குள் பீடியும் சிகரெட்டும் மக்களின் சுவையை மாற்றிவிட்டன. சுருட்டுத் தொழிலின் நலிவுக்கு வரி ஒன்றே காரணம் அன்று. எனினும் நலிந்த தொழிலுக்கு அது துணை செய்யவில்லை.

சுருட்டு கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. இன்று செல்வர் வாழும் புறநகராக விளங்கும் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பங்க், கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்கள் இணைந்தே அப்பெயர் உருவாயிற்று என்பர். அதனை அடுத்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரயில்வேப் பணியாளராக வந்த தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் குடியேறினர். துரைமார் குழாயில் புகைத்தனர். தோட்டத் தொழிலாளர் சுருட்டும் வெற்றிலையோடு புகையிலையும் கொண்டனர். இலை ஒன்று, அதனைக் கொள்ளும் வகையில்தான் வர்க்கம் தெரிந்தது. அக்கால மலாயா அரசுகளின் கருவூலமோ அபின், மது, சூது ஆகியவற்றின் குத்தகைப் பணத்தால் நிரம்பிற்று. உழைப்பாளியின் பழக்கமே அரசின் வருவாய் என்னும் நிலை இந்நாட்டுக்குப் புதிதன்று.

இப்போது 2025ஆம் ஆண்டின் உயர்வை எண்ணிப் பார்ப்போம். கிலோவுக்கு 40 ரிங்கிட் என்றால், 10 கிராம் எடையுள்ள ஒரு சுருட்டுக்கு 40 சென் கூடுகிறது. 100 ரிங்கிட் விலையுள்ள கியூபா நாட்டுச் சுருட்டு ஒன்றையும், 4 ரிங்கிட் விலையுள்ள எளிய சுருட்டு ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். முன்னதன் விலையில் இவ்வுயர்வு நூற்றுக்கு அரைப் பங்கும் ஆகாது. பின்னதன் விலையில் நூற்றுக்குப் பத்து. எடையைப் பார்க்கும் தராசு பணப்பையைப் பார்ப்பதில்லை. பங்சாரின் மாடத்தில் அமர்ந்து புகைப்பவர் இவ்வுயர்வை உணரவே மாட்டார். பழந்தோட்டத்து முதியவர் ஒருவர் எளிய சுருட்டைப் பற்றவைப்பாராயின் அவரே உணர்வார்.

இதனால் வரி கூடாது என்பது கருத்தன்று. புகையிலை நோய் தருவது. அந்நோய் ஏழையின் வீட்டிலேயே பெருந்துயர் விளைப்பது. விலை ஏறினால் இளைஞர் அப்பழக்கத்தைத் தொடங்கத் தயங்குவர் என்பது பல நாடுகள் கண்ட உண்மை. 2024ஆம் ஆண்டு மெல்லும் புகையிலைக்கும் மலேசிய அரசு கலால் வரி விதித்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடப்புக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்கு அவற்றை விற்பதைத் தடுத்தது. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் மலபாரின் பாடத்தையும் மறத்தலாகாது. 2015ஆம் ஆண்டு நவம்பரில் சிகரெட் ஒன்றுக்கான வரி 28 சென்னிலிருந்து 40 சென்னாக ஒரே வீச்சில் உயர்ந்தது. அதன்பின் விற்பனையில் பாதிக்கு மேல் கள்ளச் சரக்கே எனப் புகையிலை நிறுவனங்கள் எடுப்பித்த கணக்குகள் கூறின. அக்கணக்குகள் மிகையானவை எனச் சுகாதார ஆய்வாளர் மறுத்தனர். அளவில் கருத்து வேறுபடினும், கள்ளச் சரக்கு நாட்டில் உலவுகிறது என்பதில் ஐயமில்லை. காவல் தளர்ந்த இடத்தில் வரி உயருமானால் அரசுக்கு வருவாயும் இல்லை, மக்களுக்கு உடல்நலமும் இல்லை, கடத்துவோனே வாழ்வான்.

பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரையைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலில் புகுந்தால், உண்பதினும் மிதித்துக் கெடுப்பதே மிகுதி. கும்பினியின் தனியுரிமையும், கிடங்குக்குள் நுழைந்த 1943ஆம் ஆண்டு வரியும் வயலில் புகுந்த யானைகள். விலைமதிப்பின் படிநிலையில் அமைந்த வரி கவளமாக ஊட்டும் முறையை ஒத்தது. இன்று வரி வகுப்போர் வேண்டுவது புகைப்போரைக் குறைத்தல் என்றால், உயர்வு எத்துணை என்பதோடு அது யார் தோளில் எத்துணை எடையாக விழுகிறது என்பதையும் கணக்கிட வேண்டும். அத்துடன், பழக்கத்தை விட விரும்பும் எளியவருக்கு மருத்துவத் துணையும் அளித்தல் வேண்டும். அப்போதுதான் அது நலம் நாடும் வரியாகும்; அன்றேல், பிறர் பழக்கத்தில் கருவூலம் நிரப்பிய பழைய குத்தகையின் மறுபிறப்பே ஆகும்.